கணிப்பொறித் திரையில் தானாக மாறும் படங்கள்



நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியை அறியாதவர் யார்? காலையில் எழுந்ததும் நேற்றைய தாளைக் கிழித்துவிட்டு இன்றைய தாளைப் பார்ப்பதுதான் எங்கள் தாத்தாவுக்கு முதல் வேலை. அவர்கள் வெளியூர் போயிருக்கும் நாட்களில் தாள்கள் கிழிபடாமலே கிடக்கும். திரும்பி வந்ததும் நான்கைந்து நாட்களைச் சேர்த்துக் கிழிப்பார்கள். கிழிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் அந்த நாட்காட்டியின் குறை.

கிழிக்கும் வேலையைத் தானே செய்துகொள்ளும் நாட்காட்டி ஒன்று நம் வீட்டுக் கணிப்பொறிக்குள் இருக்கிறது. திரையின் பின்புறம் தெரியும் படத்தை நாம் சொன்ன நேரத்திற்கு ஒருமுறை அகற்றிவிட்டு, அடுத்த படத்தை அது வைத்துவிடும். அதை அமைப்பது எப்படி என்பதையும், அமைக்கும்போது நான் செய்த பெரும் பிழையையும் இங்கே எழுதுகிறேன்.

கணிப்பொறியை இயக்கியதும், எந்த வேலையையும் தொடங்குமுன் நம் கண்முன் நிற்கும் திரைக்கு டெஸ்க்டாப் என்று பெயர். மேசையின் மேற்பரப்பு என்பது அதன் பொருள். அதன்மேல் விரிக்கப்பட்ட படத்திற்கு வால்பேப்பர், அதாவது சுவரில் ஒட்டும் தாள் என்று பெயர். சுவரில் ஒட்டவேண்டிய தாளை மேசைமேல் விரித்தது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். கணிப்பொறி உலகத்தில் பெயர்கள் இப்படித்தான் அமைந்திருக்கின்றன.

இந்தப் படம் வெறும் அலங்காரம்தானே என்று தோன்றும். ஆயினும் அதற்கும் ஒரு விலை உண்டு. திரை என்பது நுண்ணிய புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்பதைக் கணிப்பொறி தன் நினைவகத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். 1992-ஆம் ஆண்டில் விண்டோஸ் 3.1 வெளிவந்தபோது, பல வீடுகளில் இருந்த திரையில் குறுக்கே 640 புள்ளிகளும் நெடுக்கே 480 புள்ளிகளும் இருந்தன. 16 நிறங்கள் மட்டுமே கொண்ட ஒரு முழுப் படத்திற்குக்கூட 1,53,600 பைட் இடம் தேவைப்பட்டது. அக்காலக் கணிப்பொறிக்கு அது சிறிய தொகை அன்று. ஆகவே கைக்குட்டை அளவில் ஒரு சிறு படத்தை வைத்து, தரையில் ஓடு பதிப்பதுபோல் அதையே திரும்பத் திரும்ப அடுக்கித் திரையை நிரப்பும் முறையும் இருந்தது. இன்றும் ‘டைல்’ என்ற பெயரில் அந்த வசதி ஒரு மூலையில் இருக்கிறது. இப்போதைய சாதாரணத் திரையில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படத்திற்கு ஏறத்தாழ 83 இலட்சம் பைட். எத்துணை வளர்ச்சி! ஆனால் நினைவகமும் அதைவிட வேகமாக வளர்ந்துவிட்டதால், இன்று படம் மாறுவதனால் கணிப்பொறி மூச்சு வாங்குவதில்லை. படம் மாறும் அந்தக் கணத்தில் மட்டும் அதற்குச் சிறிது வேலை. பிறகு அடுத்த முறைவரை ஓய்வுதான்.

நெடுங்காலம்வரை பெரும்பாலோர் திரையில் ஒரே படமே இருந்தது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியுடன் ஒரு பச்சைக் குன்றும் நீல வானமும் சேர்ந்து வந்ததை நம் அப்பாக்கள் எல்லாரும் அறிவார்கள். அது வரைந்த படம் என்று பலர் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது சார்லஸ் ஓரியர் என்னும் புகைப்படக் கலைஞர் 1996 ஜனவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சோனோமா பகுதியில் ஃபிலிம் காமிராவில் எடுத்த புகைப்படம். உலகத்தில் எத்தனையோ அலுவலகங்களும் வீடுகளும் அந்த ஒரே குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல்தான், வேறு எந்த மென்பொருளையும் சேர்க்காமல் படங்கள் தாமாக மாறும் வசதி விண்டோஸிலேயே அமைந்தது.

இனி அமைக்கும் முறைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது விண்டோஸ் 11. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆனாலும் அதை இன்னும் வைத்திருப்பவர்களுக்கும் வழி ஏறத்தாழ இதுவேதான்.

திரையில் சின்னங்கள் ஏதும் இல்லாத வெற்றிடத்தில் மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்துங்கள். ஒரு பட்டியல் விரியும். அதில் ‘பெர்சனலைஸ்’ என்பதைத் தேர்ந்து, அடுத்து வரும் பக்கத்தில் ‘பேக்ரவுண்ட்’ என்பதைத் தேருங்கள். அங்கே ஒரு சிறு பெட்டியில் ‘பிக்சர்’ என்று எழுதியிருக்கும். அதுதான் ஒரே படம் நிலையாக நிற்கும் ஏற்பாடு. அந்தப் பெட்டியைச் சொடுக்கி ‘ஸ்லைட்ஷோ’ என்று மாற்றிவிட்டால், கீழே ‘பிரௌஸ்’ என்ற பொத்தான் தோன்றும். அதை அழுத்தி, படங்கள் இருக்கும் ஃபோல்டரைக் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில்தான் முதல் திகைப்பு. படங்கள் நிறைந்த ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும். ‘ஐயோ, படங்கள் எல்லாம் அழிந்துபோயினவோ!’ என்று நான் ஒரு நிமிடம் நடுங்கிப்போனேன். அப்படியன்று. கணிப்பொறி இங்கே கேட்பது ஒரு ஃபோல்டரையே தவிர ஒரு படத்தை அன்று. ஆகவே அது ஃபோல்டர்களை மட்டும் காட்டுகிறது, படங்களை மறைத்துவிடுகிறது. அஞ்சாமல் ‘சூஸ் திஸ் ஃபோல்டர்’ என்பதை அழுத்திவிடலாம்.

அடுத்தது நேரம். 1 நிமிடம், 10 நிமிடம், 30 நிமிடம், 1 மணி, 6 மணி, 1 நாள் என்று ஆறு தேர்வுகள் உண்டு. அதன் கீழே ‘ஷஃபிள்’ என்று ஒரு விசை. அதைப் போட்டால், சீட்டுக் கட்டைக் கலைப்பதுபோல் படங்கள் வரிசை மாறி வரும். மடிக்கணிப்பொறி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின் இணைப்பு இல்லாமல் பாட்டரியில் ஓடும்போது படம் மாறுவது நின்றுவிடும். மின்சாரத்தைச் சேமிக்கவே இந்த ஏற்பாடு. அப்போதும் மாறத்தான் வேண்டும் என்றால் அதற்கும் தனியாக ஒரு விசை அங்கேயே இருக்கிறது.

இந்தப் பக்கமே மங்கலாகத் தெரிந்து எதையும் தொட முடியாமல் இருந்தால், விண்டோஸ் முறைப்படி உரிமம் பெற்று இயக்கப்படவில்லை என்று பொருள். ‘இலவச வால்பேப்பர் மாற்றி’ என்று இணையத்தில் கிடைக்கும் மென்பொருள்களை இதற்காக இறக்கிக்கொள்ளாதீர்கள். படத்தோடு வேறு என்னென்ன வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

ஆக, மொத்தம் ஐந்து நிமிட வேலை. நானும் ஐந்தே நிமிடத்தில் முடித்தேன். என் பிழையும் அதற்குள்ளேயே முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டுக் கணிப்பொறி 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது வகுப்புகளுக்காக வாங்கியது. பிறகு கூடத்தில் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. 2024-ஆம் ஆண்டு ஆடி மாதம் எங்கள் தாத்தா இறந்துபோனார்கள். சில மாதங்கள் கழித்து, அப்பாவின் கைப்பேசியில் இடமில்லை என்று அதிலிருந்த படங்கள் அனைத்தையும் ஒயர் மூலம் கணிப்பொறிக்கு மாற்றினோம். எண்ணிப் பார்த்தேன், 1,846 படங்கள். தாத்தாவின் படங்கள் எல்லாம் அவற்றுள்தான் இருந்தன. அவற்றை யாரும் திறந்து பார்க்கவில்லை. கைப்பேசியில் இருந்தபோதாவது விரல் பட்டுத் தற்செயலாக ஒன்று வரும். கணிப்பொறிக்குள் போனபின் அதுவும் இல்லை.

பாட்டி பிற்பகல் முழுவதும் கூடத்தில்தான் இருப்பார்கள். கணிப்பொறியை இயக்கி வைத்து, நிமிடத்திற்கு ஒரு படமாக வரும்படி செய்துவிட்டால், தாத்தாவின் முகம் அவ்வப்போது வந்துபோகுமே என்று எண்ணினேன். ஒருவருக்கும் சொல்லாமல் அந்த 1,846 படங்கள் இருந்த ஃபோல்டரையே காட்டி, ‘ஷஃபிளும்’ போட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் அருகிலேயே உட்கார்ந்து பார்த்தேன். சித்தப்பா திருமணம் வந்தது. திருச்செந்தூர்க் கடற்கரை வந்தது. பூக்களும் விளக்குமாக யாரோ அனுப்பிய காலை வணக்கப் படங்கள் இரண்டு மூன்று வந்தன. தாத்தா சிரித்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டும் படம் வந்தபோது, பாட்டி கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ‘நல்லாயிருக்குட்டி’ என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்து படிக்கப் போய்விட்டேன்.

இந்த இடத்தில் கணக்கை மட்டும் பாருங்கள், தோழியரே. நிமிடத்திற்கு ஒன்றாக 1,846 படங்களையும் பார்த்து முடிக்க 30 மணி 46 நிமிடம் ஆகும். நான் பார்த்தது 60 படங்கள். அதை வைத்துக்கொண்டு ‘எல்லாம் சரி’ என்றேன்.

மாலை ஆறு மணியளவில் எதிர்வீட்டு மாமா அப்பாவைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தபோது, எங்கள் வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் திரை முழுவதும் பெரிதாக விரிந்து நின்றது. எப்போதோ யாருக்கோ அனுப்புவதற்காக அப்பா எடுத்த படம். மாமா நல்லவர், தலையைத் திருப்பிக்கொண்டார். அப்பா எழுந்து வந்து அணைப்பதற்குள் அந்த நிமிடம் கழிந்து படம் மாறியது. அடுத்து வந்தது, மருத்துவமனையில் மூக்கில் குழாயுடன் தாத்தா படுத்திருந்த படம். மருத்துவருக்கு அனுப்புவதற்காகச் சித்தப்பா எடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருந்த பதினொரு படங்களுள் அது ஒன்று என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கையை ஊன்றி எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அன்று இரவு அவர்கள் சாப்பிடவில்லை.

அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ‘துணியைப் போர்த்திவிடு’ என்று மட்டும் சொன்னார்கள்.

கணிப்பொறியின்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அது என்ன செய்யும்? அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஃபோல்டரைத் திறப்பது, அதிலுள்ள ஒரு கோப்பை எடுப்பது, அது படமாக இருந்தால் திரையளவுக்குச் சரிசெய்து வைப்பது, கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் ஆனதும் இன்னொன்றை எடுப்பது, இவ்வளவே. திருமணமும் மருத்துவமனையும் பாஸ்புக்கும் அதற்கு ஒன்றுதான். எல்லாம் புள்ளிகளின் அடுக்கு. எது வரலாம், எது வரக்கூடாது என்று நாம் அதற்குச் சொல்லக்கூடிய ஒரே வழி, அந்த ஃபோல்டருக்குள் எதை வைக்கிறோம் என்பதுதான். நேரத்தையும் வரிசையையும் தேர்ந்தெடுப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். படங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

முதலில் ‘திரைப் படங்கள்’ என்ற பெயரில் புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கினேன். பழைய ஃபோல்டரிலிருந்து படங்களை வெட்டி எடுக்காமல், படி எடுத்து இதில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் பின்னால் இங்கிருந்து ஒன்றை நீக்கினாலும் மூலப்படம் பத்திரமாக இருக்கும். இந்த ஃபோல்டரைக் கணிப்பொறிக்குள்ளேயே வைப்பது நல்லது. பென் டிரைவில் வைத்துவிட்டு அதைப் பிடுங்கிவிட்டால், எடுப்பதற்குப் படமின்றி எல்லாம் நின்றுவிடும். ஃபோல்டரின் பெயரைப் பின்னால் மாற்றினாலும் அதே கதிதான்.

பிறகு பாட்டியிடம் போய், ‘எந்தெந்தப் படம் வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்’ என்று கேட்டேன். வரமாட்டார்கள் என்று நினைத்தேன், வந்தார்கள். மருத்துவமனைப் படங்களை மட்டும் முன்கூட்டியே வேறிடத்திற்கு மாற்றியிருந்தேன். மாலைதோறும் அரைமணி நேரம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். நான் எதிர்பார்த்த படங்களை அவர்கள் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது, தாத்தா கோட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் எடுத்த படம். ‘ஏட்டி, இது உங்க தாத்தாவா? ஸ்டூடியோக்காரன் வேற யாரையோ வெள்ளையடிச்சு உக்கார வச்சிருக்கான்’ என்று தள்ளிவிட்டார்கள். மாறாக, உப்பளத்துச் சாலையில் தாத்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்று, முகமே தெரியாது, சற்று மங்கலும்கூட, அதை வேண்டும் என்றார்கள். மொத்தம் 62 படங்கள் தேறின.

படம் தேறினால் போதாது, திரையில் சரியாக உட்காரவும் வேண்டும். இதிலும் சிறிது கணக்கு உண்டு. கைப்பேசியில் படுக்கைவாட்டில் எடுத்த படம் பெரும்பாலும் 4-க்கு 3 என்ற விகிதத்தில் இருக்கும். திரையோ 16-க்கு 9 என்ற விகிதத்தில் அகன்றிருக்கிறது. ‘ஃபில்’ என்ற தேர்வு இருக்கும்போது, கணிப்பொறி படத்தை 1920 புள்ளி அகலத்திற்குக் கொண்டுவரும். அப்போது உயரம் 1440 புள்ளி ஆகும். திரையின் உயரம் 1080 மட்டுமே என்பதால் மீதி 360 புள்ளி, அதாவது படத்தில் கால் பங்கு, மேலும் கீழுமாக வெட்டுப்படும். குடும்பப் படங்களில் உயரமானவர்கள் தலையில்லாமல் நிற்பதன் காரணம் இதுதான். நிற்கவைத்துப் பிடித்த நெட்டைப் படமானால் இன்னும் மோசம். அகலத்தை நிரப்பும்போது உயரம் 2560 ஆகிவிடும். அதில் பாதிக்கும் குறைவாகவே நாம் பார்ப்போம்.

‘ஃபிட்’ என்று மாற்றினால் எதுவும் வெட்டுப்படாது. நெட்டைப் படம் 810 புள்ளி அகலத்தில் நடுவே நிற்கும், இருபுறமும் வெறும் நிறம் தெரியும். பார்ப்பதற்கு ஒரு கதவிடுக்கில் நிற்பதுபோல் இருந்தாலும் ஆள் முழுதாக இருப்பார். ‘ஸ்ட்ரெச்’ என்பதை மட்டும் தொடாதீர்கள். அது எதையும் வெட்டாது, ஆனால் இழுத்துவிடும். எங்கள் அத்தை அதில் பட்ட பாட்டை அவர்களுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சிக்கல் என்னவென்றால், இந்தத் தேர்வு எல்லாப் படங்களுக்கும் பொதுவானது. ஒரு படத்திற்கு ஃபில், இன்னொன்றுக்கு ஃபிட் என்று வைக்க முடியாது. நான் ஃபிட் என்பதையே வைத்திருக்கிறேன். திரை நிறையவில்லையே என்பது தம்பியின் குறை. தலை வெட்டுப்படுவதைவிட அது மேல்.

இன்னொரு சிறு சங்கடம். டெஸ்க்டாப்பின் சின்னங்கள் வழக்கமாக இடப்பக்கமாக வரிசையாய் நிற்கும். ஒரு படத்தில் தாத்தா இடக்கோடியில் இருந்தார்கள். குப்பைத் தொட்டிச் சின்னம் நேராக அவர்கள் நெற்றியில் போய் உட்கார்ந்துவிட்டது! சின்னங்களைப் பிடித்து வலப்பக்கம் இழுத்துவைத்தேன். இதற்கு வேறு தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

விண்டோஸ் அல்லாதவற்றிலும் இது உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட மோஹாவே என்னும் அமைப்பில், ஒரே பாலைவன மணற்குன்று காலை, நண்பகல், மாலை, இரவு என்று நேரத்திற்கேற்ப ஒளி மாறித் தெரியும். லினக்ஸும் நம் மாணவர்களுக்குப் புதிதன்று. தமிழக அரசு 2011-இல் மாணவ மாணவியர்க்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. கல்லூரியில் படிக்கும் என் பெரியம்மா மகள் உபுண்டு என்னும் லினக்ஸை வைத்திருக்கிறாள். அதிலுள்ள க்னோம் திரையில் பட மாற்றத்தை ஒரு சிறு கோப்பில் நாமே எழுதிக் கொடுக்கலாம். முதலில் எந்த ஆண்டு, மாதம், நாள், மணியிலிருந்து கணக்கு என்பது. பின்னர் ‘இந்தப் படம் இத்தனை வினாடி நிற்கட்டும், பிறகு இத்தனை வினாடியில் மெல்லக் கரைந்து அடுத்த படமாகட்டும்’ என்று வரிசையாக எழுத வேண்டும். கணிப்பொறி கடிகாரத்தைப் பார்த்து, தொடக்கத்திலிருந்து எத்தனை வினாடி ஓடியிருக்கிறது என்று கணக்கிட்டு, மொத்தச் சுற்றின் நீளத்தால் வகுத்து, மீதியைக் கொண்டு எந்தப் படம் என்று அறிந்துகொள்கிறது. இடையில் மூன்று நாள் அணைத்து வைத்திருந்தாலும் கவலையில்லை.

அக்கா உப்பளத்தை ஒரே இடத்திலிருந்து விடியல், நண்பகல், அந்தி, இரவு என நான்கு வேளையும் படம் எடுத்தாள். (இரவுப் படத்தில் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. அதையும் வைத்திருக்கிறாள்.) ஒரு நாளுக்கு 86,400 வினாடி. அதை நான்காகப் பிரித்தால் 21,600. படம் நிற்க 21,300 வினாடி, கரைந்து மாற 300 வினாடி என்று எழுதிவிட்டாள். காலை 6 மணிக்கு விடியல் வந்தது. முதல் நாள் அருமையாக இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதிகாலை மூன்றரை மணிக்கே விடிந்துவிடுகிறது! ஏன் தெரியுமா? நான்காம் படத்திலிருந்து மீண்டும் முதல் படத்திற்கு மாறும் அந்தக் கடைசி 300 வினாடியை எழுத மறந்திருந்தாள். சுற்று 86,100 வினாடியில் முடிந்ததால், நாளுக்கு 5 நிமிடம் வீதம் அவளுடைய விடியல் முந்திக்கொண்டே போனது. 30 நாளில் இரண்டரை மணி நேரம். அப்படியே விட்டிருந்தால் 72-ஆம் நாள் நள்ளிரவில் சூரியன் உதித்திருக்கும். எனக்கென்னவோ இந்தப் பிழை மிகவும் பிடித்திருந்தது. அக்கா உடனே திருத்திவிட்டாள்.

எங்கள் வீட்டுக் கதைக்குத் திரும்புகிறேன். 62 படங்களுக்கும் 01, 02 என்று எண்ணிட்டுப் பெயர் வைத்தேன். ‘எவ்வளவு நேரத்திற்கு ஒருமுறை மாறவேண்டும்?’ என்று பாட்டியிடம் கேட்டதற்கு, ‘நிமிஷத்துக்கு ஒண்ணு ஓடினா யாரு பாக்க? காலண்டர் மாதிரி ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்’ என்றார்கள். ஷஃபிள் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்க வேண்டுமாம்.

ஆனால் நாளை வரை காத்திருக்கப் பாட்டிக்கும் எல்லா நாளும் பொறுமை இருப்பதில்லை. திரையின் வெற்றிடத்தில் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் ‘நெக்ஸ்ட் டெஸ்க்டாப் பேக்ரவுண்ட்’ என்று ஒரு வரி இருக்கும். ஸ்லைட்ஷோ ஓடும்போதுதான் அது தோன்றும். அதை அழுத்தினால் நேரம் வருமுன்பே அடுத்த படம் வந்துவிடும். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த வரி எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள்.

போன மாதம் ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். சைக்கிள் படம் வரும் நாள் அது. கை பட்டு அடுத்த படம் வந்துவிட்டது. முந்தைய படத்திற்குத் திரும்பும் வரி அந்தப் பட்டியலில் கிடையாது. ஃபோல்டரைத் திறந்து அந்தப் படத்தை நேராகவே வைத்துவிடலாம். ஆனால் அப்படி வைத்தால் ஸ்லைட்ஷோ நின்றுவிடும், பிறகு எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டும். பள்ளிப் பையைக் கீழே வைத்துவிட்டு, பாட்டியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒவ்வொன்றாக 61 முறை அழுத்தினோம். இடையில் சித்தப்பா திருமணப் படத்தில் மட்டும், ‘கொஞ்சம் நிறுத்து’ என்றார்கள். விளக்கு வைக்கும் நேரத்திற்குச் சைக்கிள் வந்து சேர்ந்தது.